செம்பும் வெள்ளியும் நனோப் பூச்சும்: 99.9 வீதம் என்ற கணக்குக்குள் என்ன இருக்கிறது?

தமிழில் செம்பு என்ற சொல் உலோகத்தையும் குறிக்கும், தண்ணீர் அள்ளும் பாத்திரத்தையும் குறிக்கும். உலோகத்தின் பெயர் பாத்திரத்துக்கு ஆகிவந்ததால் இலக்கணத்தில் இதனை ஆகுபெயர் என்கிறோம். அந்தளவுக்குச் செம்பும் அதன் கலப்பு உலோகமான பித்தளையும் நம் வீடுகளோடு ஒட்டியிருந்தவை. வெற்றிலை வட்டா, படிக்கம், தண்ணீர்க் குடம், விருந்துக்கு எடுக்கும் பெரிய தட்டு என்று முஸ்லிம் வீடுகளில் பித்தளைக்கு ஒரு தனி இடம் இருந்தது. அதே வீடுகளில் இன்னொரு வழக்கமும் இருந்தது. சமைக்கும் செம்புப் பாத்திரங்களின் உட்புறத்துக்கு ஈயம் பூசுவார்கள். பூச்சு தேய்ந்துவிட்டால் புளியும் தேசிக்காயும் பட்ட கறியில் களிம்பு ஏறிவிடும், சாப்பிட்டால் வாந்தி எடுக்கும் என்று பழைய ஆட்களுக்கு நன்றாகத் தெரியும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்று செம்பு உணவுக்குள் போகாமல் இருப்பதற்காக அதன்மேல் வேறோர் உலோகத்தைப் பூசினார்கள். இன்று பிளாஸ்டிக்கின் மேலும் துணியின் மேலும் கதவின் மேலும் அதே செம்பை வலியக் கொண்டுபோய்ப் பூசுகிறார்கள். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். செம்பு சும்மா கிடக்கும் பொருள் அல்ல. ஈரம் பட்டால் அது கரைந்து அயன்களாக வெளியேறும். அந்த அயன் உயிர்ப்பொருள்களைத் தாக்கும்.

கொவிட் காலத்துக்குப் பின் ‘நனோ’ என்ற சொல் நம் காதில் அடிக்கடி விழுகிறது. முகக்கவசத்தில் நனோ வெள்ளி, பெயின்றில் நனோ செம்பு, கம்பளத்துக்குத் தெளிக்கும் திரவத்தில் நனோ என்று விளம்பரங்கள் வருகின்றன. “இத ஒருக்காப் பூசினா வைரஸ் கிட்டயும் வராது” என்பார்கள். பள்ளிவாசல், மத்ரஸா, பாடசாலை ஆகியவற்றின் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு இது வெறும் விஞ்ஞானச் செய்தி அல்ல. சந்தாப் பணத்திலும் ஸதகாவிலும் இருந்து எடுத்துச் செலவழிக்க வேண்டிய விடயம் அது. எனவே இந்தப் பூச்சு என்ன, எப்படி வேலை செய்கிறது, எங்கே வேலை செய்யாது என்பதைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம்.

நனோ என்பது ஓர் அளவு

நனோ என்பது ஒரு பொருளின் பெயர் அல்ல, மருந்தின் பெயரும் அல்ல. மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்குதான் ஒரு நனோமீற்றர். மனிதத் தலைமுடி ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர். கொரோனா வைரஸ் ஒன்றின் விட்டம் ஏறக்குறைய 100 நனோமீற்றர். வயிற்றோட்டத்தை உண்டாக்கும் நோரோ வைரஸ் இன்னும் சிறியது, 30 நனோமீற்றர் அளவில் இருக்கும். 1 முதல் 100 நனோமீற்றர் வரையான துணிக்கைகளைத்தான் நனோத் துணிக்கைகள் என்கிறார்கள். அதாவது, இங்கே உலோகத் துணிக்கையும் வைரஸும் ஏறத்தாழ ஒரே அளவுக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

உலோகத்தை இவ்வளவு சிறிதாக்குவதில் என்ன இலாபம்? மேற்பரப்புத்தான் இலாபம். ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள செம்புக் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிறை ஏறத்தாழ 9 கிராம். அதன் ஆறு முகங்களினதும் மொத்தப் பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதே கட்டியை 10 நனோமீற்றர் பக்கமுள்ள குட்டிக் கட்டிகளாக வெட்டினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீற்றர் ஆகிவிடும். நம் நாட்டுக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 24 பேர்ச்சஸ் காணி. செம்பு கூடவில்லை, அதே 9 கிராம்தான். ஆனால் ஈரத்தோடும் காற்றோடும் வைரஸோடும் தொடுகையுறும் இடம் பத்து இலட்சம் மடங்கு கூடிவிட்டது. தாக்கங்கள் நடப்பது மேற்பரப்பில் என்பதால், கொஞ்ச உலோகத்தைக் கொண்டு நிறைய வேலை வாங்கலாம் என்பதே நனோத் தொழில்நுட்பத்தின் நியாயம். நம் நாட்டிலும் இத்துறைக்கென 2008 இல் இலங்கை நனோத் தொழில்நுட்ப நிறுவனம் (ஸ்லின்டெக்) தொடங்கப்பட்டு ஹோமாகமையில் இயங்கி வருகிறது.

ஒரு பழைய பூச்சு

உலோக நனோத் துணிக்கைகளைப் பூச்சாகப் பயன்படுத்தியவர்களின் வரலாற்றில் அப்பாசியர் காலத்து ஈராக்கிய மட்பாண்டக் கலைஞர்களுக்கு முக்கிய இடம் உண்டு. 9 ஆம் நூற்றாண்டில் ஸாமர்ரா போன்ற நகரங்களில் புழங்கிய மினுமினுப்புப் பாண்டங்களையும் ஓடுகளையும் இக்கால நுணுக்குக்காட்டிகளால் ஆராய்ந்தபோது, கண்ணாடிப் பூச்சுக்குள் செம்பும் வெள்ளியும் நனோத் துணிக்கைகளாகப் படிந்திருப்பது தெரியவந்தது. துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலின் மிஹ்ராபைச் சுற்றிப் பதிக்கப்பட்ட ஓடுகளும் இந்த வகையைச் சேர்ந்தவைதான். பொன்னிறமாகவும் செந்நிறமாகவும் அவை ஒளிர்வதற்குக் காரணம் அந்தத் துணிக்கைகள்.

இதைப் படித்தவுடன், “நனோவை நாங்கதான் கண்டுபிடிச்சம்” என்று மேடையில் முழங்கத் தோன்றும். அது சரியல்ல. அவர்கள் செய்தது நிறத்துக்காக. கிருமியும் தெரியாது, நனோமீற்றரும் தெரியாது. ஆனால் செம்பு உப்பையும் வெள்ளி உப்பையும் களியோடு கலந்து பூசி, புகைசூழ்ந்த சூளையில் காற்றைக் குறைத்துச் சுட்டால் இந்த மினுக்கம் வரும் என்று திரும்பத் திரும்பச் செய்து கண்டறிந்த அந்தக் கைத்தேர்ச்சி உண்மையானது. பெருமை கொள்வதற்கு அந்த உண்மையே போதும், மேலதிகமாக ஒன்றும் சேர்க்கத் தேவையில்லை.

உலோகம் வைரஸை என்ன செய்கிறது?

முதலில் வைரஸைப் பற்றி ஒரு வார்த்தை. பற்றீரியா ஒரு கலம். சாப்பாடும் ஈரமும் கிடைத்தால் மேசை மேலும் பெருகும். வைரஸ் அப்படியல்ல. அது புரத உறைக்குள் மடித்து வைக்கப்பட்ட ஒரு மரபுச் செய்தி. சில வைரசுகளுக்கு, கொரோனாவும் இன்புளுவென்சாவும் போல, வெளியே கொழுப்பாலான மென்சவ்வும் உண்டு. உயிருள்ள கலத்துக்குள் போனால்தான் பெருகும். வெளியே கிடக்கும்போது அதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, நேரம் போகப் போகச் சிதைந்து குறைவது. எனவே பூச்சின் வேலை வைரஸைக் கொல்வது என்பதைவிட, அது தானாகச் சிதைய எடுக்கும் நேரத்தைச் சுருக்குவது என்று சொல்வதே பொருத்தம்.

அதை உலோகம் மூன்று வழிகளில் செய்கிறது. முதலாவது, அயன்கள். பூச்சின் மேல் ஒரு துளி எச்சிலோ வியர்வையோ விழுந்தால், செம்பு அல்லது வெள்ளி அயன்கள் அதில் கரைகின்றன. இவை புரதங்களில் உள்ள கந்தகம் சேர்ந்த பகுதிகளைப் பிடித்துக்கொள்ளும். புரதத்தின் வடிவம் கெட்டுவிட்டால், கலத்தின் வாசலைத் திறக்கும் திறப்பு வளைந்த மாதிரித்தான். இரண்டாவது, ஒட்சியேற்றம். செம்பு அயன் ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்கு மாறும்போது ஒட்சிசனோடு தாக்கமுற்று, ஐதரசன் பரவொட்சைட்டு போன்ற, இலத்திரனைப் பறிக்கும் தீவிரப் பொருள்களை உண்டாக்குகிறது. இவை மென்சவ்வையும் உள்ளேயுள்ள மரபுச் செய்தியையும் சேதப்படுத்துகின்றன. மூன்றாவது, நேரடித் தொடுகை. எச்.ஐ.வி. வைரஸ் மீது 2005 இல் வெளியான ஆய்வொன்றில், 1 முதல் 10 நனோமீற்றர் அளவான வெள்ளித் துணிக்கைகள் வைரஸின் வெளிப்புறக் குமிழ்ப் புரதங்களில் போய் ஒட்டிக்கொள்வது காணப்பட்டது. கலத்தைப் பிடிக்க வேண்டிய கையை வேறொருவர் பிடித்துக்கொண்டால் எப்படி?

எல்லாச் செம்பும் ஒன்றல்ல. செம்பின் ஒட்சைட்டில் இரண்டு வகை உண்டு. கறுப்பு நிறமான குப்பிரிக் ஒட்சைட்டு, செந்நிறமான குப்பிரஸ் ஒட்சைட்டு. திண்மமாக இருக்கும்போது வைரஸைச் செயலிழக்கச் செய்வதில் செந்நிறமானதே வல்லது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012 இல் காட்டினார்கள். தைத்தேனியம் ஈரொட்சைட்டு இன்னொரு வகை. அது வெளிச்சம் பட்டால்தான் வேலை செய்யும், அதுவும் பெரும்பாலும் ஊதாக்கடந்த கதிர் பட்டால்தான். சூரிய ஒளி வராத அறைக்குள் அதனைத் தனியே பூசிப் பெரிய பலனில்லை. விற்பவர் “நனோ” என்று மட்டும் சொன்னால் போதாது, என்ன உலோகம், எந்த வடிவம் என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

ஆய்வுகூடத்தில் கண்டவை

செம்புப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக் குடிக்கும் இந்தியப் பழக்கத்தைப் பெங்களூர் ஆய்வாளர்கள் பரிசோதித்து 2012 இல் வெளியிட்டார்கள். வயிற்றோட்டத்தை உண்டாக்கும் பற்றீரியாக்களைத் தண்ணீரில் கலந்து செம்புக் குடத்தில் 16 மணித்தியாலம் வைத்தபோது அவற்றை மீட்டு வளர்க்க முடியவில்லை. இது பற்றீரியா, வைரஸ் அல்ல. திண்மச் செம்பு, நனோ அல்ல. ஆனாலும் செம்பின் குணத்துக்கு நல்ல சான்று.

வைரஸ் பற்றி இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் பில் கீவிலின் குழுவினர் 2015 இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. கொவிட் வருவதற்கு முன்னரே, சாதாரணத் தடிமனை உண்டாக்கும் 229ஈ என்ற கொரோனா வைரஸை எடுத்துப் பார்த்தார்கள். கண்ணாடி, பிளாஸ்டிக், ஓடு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆகியவற்றில் ஐந்து நாள்வரை தொற்றும் வல்லமையோடு இருந்த வைரஸ், செம்பு அதிகமுள்ள கலப்புலோகங்களில் நிமிடக் கணக்கில் செயலிழந்தது. அதே குழு 2013 இல், எலிகளைப் பீடிக்கும் நோரோ வைரஸும் செம்பில் செயலிழப்பதைக் காட்டியிருந்தது. நோரோ வகை அல்ககோல் சனிடைசருக்கு இலகுவில் மசியாதது என்பதால் இது கவனிக்கத்தக்கது.

2020 இல் கொவிட் வைரஸையே வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வில், பிளாஸ்டிக்கிலும் ஸ்டீலிலும் 72 மணித்தியாலம்வரை வைரஸ் காணப்பட்டது, கார்ட்போர்டில் 24 மணித்தியாலத்துக்குப் பின் இல்லை, செம்பில் 4 மணித்தியாலத்துக்குப் பின் இல்லை. வைரஸின் அளவு பாதியாகக் குறைய எடுத்த நேரம் பிளாஸ்டிக்கில் 6.8 மணித்தியாலம், செம்பில் முக்கால் மணித்தியாலம். அதே ஆண்டில் வேர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டக்கரின் குழுவினர் குப்பிரஸ் ஒட்சைட்டுத் துணிக்கைகளைப் பொலியூரித்தேனால் பிணைத்து ஒரு பூச்சுச் செய்தார்கள். ஹொங்கொங் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து சோதித்தபோது, ஒரு மணித்தியாலத்தில் பூச்சில்லாத பரப்போடு ஒப்பிட வைரஸ் 99.9 வீதமளவில் குறைந்தது.

ஆக, இது ஏமாற்று வித்தை அல்ல. அடிப்படை விஞ்ஞானம் உண்மை. சிக்கல் வருவது அந்த 99.9 ஆய்வுகூடத்திலிருந்து புறப்பட்டு விளம்பரப் பலகைக்கு வந்து சேரும் வழியில்தான்.

99.9 என்ற கணக்கு

ஒரு கோடியில் 99.9 வீதம் போனால் மிச்சம் பத்தாயிரம். ஒரு இலட்சத்தில் போனால் மிச்சம் நூறு. எனவே தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்று சொல்லாமல் வீதத்தை மட்டும் சொல்வதில் அர்த்தம் குறைவு.

அதைவிட முக்கியமானது நேரம். மேற்பரப்புகளின் வைரஸ் எதிர்ப்பை அளக்க ஐ.எஸ்.ஓ. 21702 என்ற சர்வதேச நியமம் 2019 இல் வெளிவந்தது. அதில் வைரஸ் கலந்த திரவத்தைப் பூச்சின் மேல் விட்டு, அது காயாமல் மெல்லிய படலத்தால் மூடி, 25 பாகை வெப்பநிலையிலும் 90 வீதத்துக்கு மேற்பட்ட ஈரப்பதனிலும் 24 மணித்தியாலம் வைப்பார்கள். அதன் பிறகுதான் எண்ணுவார்கள். அயன்கள் கரைந்து வெளிவர ஈரம் தேவை என்பதை மேலே பார்த்தோம். இந்தச் சோதனையில் ஒரு முழு நாளும் ஈரம் இருக்கிறது. கதவுக் கைபிடியில் விழுந்த எச்சில் துளி சில நிமிடங்களில் காய்ந்துவிடும். இரண்டும் ஒன்றா?

இன்னும் ஒன்று. பிளாஸ்டிக்கில் பாதியாகக் குறைய 6.8 மணித்தியாலம் என்ற கணக்கை எடுத்தால், ஒன்றுமே பூசாமல் சும்மா விட்டாலும் 24 மணித்தியாலத்தில் வைரஸில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போய்விடும். ஒரு நாள் தாண்டிய பிறகு பூச்சு தரும் மேலதிக நன்மை அவ்வளவு பெரிதல்ல. முதல் சில நிமிடங்களில் என்ன நடக்கிறது என்பதே கேள்வி.

ஒரு ஜும்ஆவை நினைத்துப் பாருங்கள். தொழுகை முடிந்து பத்து நிமிடத்துக்குள் முந்நூறு பேர் ஒரே கதவால் வெளியேறுகிறார்கள். ஒரு மணித்தியாலத்தில் வேலை செய்யும் பூச்சு அந்தக் கைபிடியில் இருந்தால், முன்னால் போனவரிடமிருந்து அடுத்ததாகப் போகிறவரைக் காப்பாற்றாது. ஜும்ஆவுக்கு வந்தவர் விட்டுச்சென்றதிலிருந்து அஸருக்கு வருகிறவரைக் காப்பாற்ற உதவும். பயன் உண்டு, ஆனால் பயன் அவ்வளவுதான். “கிட்டயும் வராது” என்பதற்கும் இதற்கும் நிறையத் தூரம்.

தொதலும் கஜுவும்

பூச்சு நீடிப்பதும் ஒரு சிக்கல்தான். உலோகத் துணிக்கைகள் தாமாகச் சுவரில் ஒட்டா. ஏதாவது ஒரு பசை அல்லது வார்னிஷில் கலந்துதான் பூச வேண்டும். தொதலில் கஜு போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தெரியும் கஜுவைத்தான் கை தொடும், உள்ளே புதைந்தது இருந்தும் இல்லாத மாதிரித்தான். பசைக்குள் முழுதாக மூழ்கிய துணிக்கை வைரஸைத் தொடவே மாட்டாது. மேலே நன்றாகத் துருத்திக்கொண்டிருந்தால் வேலை செய்யும், ஆனால் நாலு தரம் துடைத்தால் உதிர்ந்துவிடும். மூழ்காமலும் உதிராமலும் நிறுத்துவதுதான் இத்துறை ஆய்வாளர்களின் தலையிடி.

பிறகு அழுக்கு. விரல் எண்ணெய், தூசி, காய்ந்த சளி ஆகியன படிந்தால் வைரஸ் அந்தப் படையின் மேல் உட்காரும், கீழேயுள்ள செம்புக்கு அது தெரியாது. வியர்வையின் உப்பிலுள்ள குளோரைட்டு வெள்ளி அயனோடு சேர்ந்து கரையாத வெள்ளிக் குளோரைட்டாகப் படிந்துவிடும். அதனால் பூச்சு இருந்தாலும் துடைக்கத்தான் வேண்டும். துடைக்கும் திரவம் பூச்சைத் தின்னுமா என்றும் பார்க்க வேண்டும். குளோரின் கலந்த நீர் செம்பை அரிக்கும். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2008 இலேயே செம்புக் கலப்புலோகங்களைப் பற்றீரியா எதிர்ப்புப் பொருளாகப் பதிவு செய்தது. 2021 பெப்ரவரியில் செம்பு மிக அதிகமுள்ள சில கலப்புலோகங்களுக்கு வைரஸ் எதிர்ப்பையும் ஏற்றுக்கொண்டது. அப்படியிருந்தும், இவை வழமையான சுத்திகரிப்புக்கு மேலதிகமே தவிரப் பதிலீடு அல்ல என்றும், மேலே மெழுகோ வார்னிஷோ பூசக்கூடாது என்றும் நிபந்தனை விதித்திருக்கிறது. மினுக்கத்துக்காக வார்னிஷ் அடித்த பித்தளைக் கைபிடியிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது.

தொடுகையா, காற்றா?

எந்த நோய் எந்த வழியால் பரவுகிறது என்பதைப் பொறுத்தே பூச்சின் பெறுமதியும் இருக்கிறது. கொவிட்டின் ஆரம்பத்தில் கடையில் வாங்கிய மரக்கறியையும் கழுவினோம், காசுத்தாளையும் வெயிலில் காயவைத்தோம். பின்னர் நிலைமை தெளிந்தது. மாசடைந்த மேற்பரப்பை ஒரு தடவை தொடுவதால் கொவிட் தொற்றும் வாய்ப்புப் பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த் தடுப்பு நிலையம் 2021 ஏப்ரலில் அறிவித்தது. பெரும்பான்மையான தொற்று சுவாசத்தால் வருவது. அப்படியானால் கொவிட்டுக்காக ஒரு பள்ளிவாசலின் சுவர் முழுக்க நனோப் பெயின்ற் அடிப்பதைவிட, பூட்டிக்கிடக்கும் நாலு யன்னலைத் திறந்துவிடுவது கூடுதல் பயன். சுவரை யாரும் தொடுவதுமில்லை, நக்குவதுமில்லை.

வயிற்றோட்ட வைரசுகள், வைத்தியசாலைக் கிருமிகள் ஆகியவற்றின் கதை வேறு. அவை கையாலும் பொருள்களாலும் நன்றாகப் பரவும். அமெரிக்காவில் மூன்று வைத்தியசாலைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கட்டில் விளிம்பு முதலிய ஆறு பொருள்களைச் செம்புக் கலப்புலோகத்தால் செய்து வைத்துப் பார்த்தார்கள். 2013 இல் வெளியான முடிவின்படி, வைத்தியசாலையில் தொற்றிக்கொண்ட நோயாளர் 8.1 வீதத்திலிருந்து 3.4 வீதமாகக் குறைந்தனர். ஒரே ஆய்வை வைத்து முடிவுக்கு வர முடியாது, அதுவும் திண்மச் செம்பு. ஆயினும் இந்தத் தொழில்நுட்பத்துக்கு உரிய இடம் எது என்பதை அது காட்டுகிறது. நோயாளியின் கட்டில் விளிம்பு, மருந்துத் தள்ளுவண்டி, லிப்ற் பொத்தான் போன்ற, பலர் தொடும் சிறிய இடங்களே அவை.

நாம் கொடுத்த விலை

வைரஸ் உயிருள்ள கலத்துக்கு வெளியே பெருகாது, குறையத்தான் செய்யும் என்ற இந்த எளிய உண்மையை நம் சமூகம் சாதாரணமாக வாசித்துவிட்டுப் போக முடியாது. 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலில், கொவிட்டால் மரணித்தவர்களை அடக்கவும் செய்யலாம் எரிக்கவும் செய்யலாம் என்று இருந்தது. அப்படியிருக்க, 2020 ஏப்ரல் 11 இன் வர்த்தமானி எரிப்பதைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீரால் வைரஸ் பரவும் என்ற வாதம் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில் அடக்க அனுமதி கிடைத்து, மார்ச் 5 இல் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்படும்வரை எத்தனை குடும்பங்கள் கண்ணீர் வடித்தன என்பதை நான் எழுதித் தெரியவேண்டியதில்லை. 2024 ஜூலையில் மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது. போன ஜனாஸா திரும்பாது.

விஞ்ஞானத்தின் பெயரால் சொல்லப்பட்ட ஒன்றுக்கு ஆதாரம் கேட்டு நின்ற சமூகம் நாம். அன்று அச்சத்தின் பெயரால் சொன்னதற்கு ஆதாரம் கேட்டது நியாயம் என்றால், இன்று பாதுகாப்பின் பெயரால் விற்கப்படுவதற்கும் அதே ஆதாரத்தைக் கேட்பதுதான் நேர்மை.

தீங்குகளும் உண்டு

வைரஸின் புரதத்தைக் கெடுக்கும் அயன் நம் கலத்தின் புரதத்தையும் கெடுக்கும். திண்மச் செம்பைத் தொடுவதால் பயமில்லை. ஆனால் நுண்ணிய துணிக்கைகளை மூச்சோடு இழுப்பது வேறு விடயம். தெளிக்கும் வகைப் பொருள்களிலும் முகக்கவசங்களிலும் இந்தக் கவனம் தேவை. வெள்ளியும் தைத்தேனியம் ஈரொட்சைட்டும் கலந்த, அரசாங்கமே இலவசமாக வழங்கிய துணி முகக்கவசங்களைப் பாவிக்க வேண்டாமென்று 2021 இல் பெல்ஜியத்தில் அறிவுறுத்தினார்கள்.

கழுவும் நீரோடு போவதும் உண்டு. நனோ வெள்ளி கலந்த காலுறைகளை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008 இல் கழுவிப் பார்த்தபோது, சிலவற்றில் இருந்த வெள்ளி சில கழுவலிலேயே பெரும்பாலும் வெளியேறிவிட்டது. அது வாய்க்காலுக்கும் களப்புக்கும் போய் அங்குள்ள நுண்ணங்கிகளையும் மீன்களையும் பாதிக்கலாம். தேவையில்லாமல் எங்கும் வெள்ளியைத் தூவினால் பற்றீரியா பழகிக்கொள்ளவும் கூடும். 1975 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் வைத்தியசாலையொன்றின் தீக்காயப் பிரிவில், வெள்ளி நைத்திரேற்று மருந்துக்கு மசியாத சல்மொனெல்லா பரவியதாகப் பதிவு உண்டு. தீக்காயத்துக்கு உயிர் காக்கும் மருந்தாக உள்ள ஒன்றைச் சுவர்ப் பெயின்றிலும் காலுறையிலும் வீணடிப்பது நல்லதல்ல.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

நிர்வாக சபையினரிடமோ பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமோ யாராவது நனோப் பூச்சோடு வந்தால், பின்வரும் கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம்.

1. என்ன உலோகம்? செம்பா, வெள்ளியா, தைத்தேனியமா? வெளிச்சம் இல்லாமல் வேலை செய்யுமா?

2. எந்த வைரஸில் சோதித்தது? பற்றீரியாவுக்கு எடுத்த சான்றிதழை வைரஸுக்குக் காட்டுகிறார்களா?

3. 99.9 வீதம் எத்தனை நிமிடத்தில்? 24 மணித்தியாலம் என்றால் அதை எழுத்தில் தருவார்களா?

4. ஈரமான நிலையில் சோதித்ததா, காய்ந்த துளியில் சோதித்ததா?

5. எத்தனை தடவை துடைத்த பிறகு சோதித்தது? நம் பாவனையில் உள்ள சுத்திகரிப்புத் திரவம் பட்டால் என்ன ஆகும்?

6. தெளிக்கும்போது சுவாசத்துக்குப் பாதுகாப்பு என்ன? சிறுவர்கள் எப்போது உள்ளே வரலாம்?

7. தேய்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? கண்ணுக்குத் தெரியாத பூச்சு தேய்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

நல்ல பொருளை விற்பவரிடம் இவற்றில் பலவற்றுக்குப் பதில் இருக்கும். “சேர், இது வெளிநாட்டுச் சாமான்” என்பது பதில் அல்ல.

பொதுப்பணம் அமானிதம். அதைச் செலவழிப்பதில் ஒரு வரிசை இருக்கிறது. வுழூச் செய்யும் இடத்தில் நல்ல தண்ணீரும் சவர்க்காரமும் முதலில். கழிப்பறையைத் தினமும் கழுவ ஓர் ஆளுக்குச் சம்பளம் அடுத்தது. யன்னல், காற்றாடி, வெளிக்காற்று அதற்கு அடுத்தது. கம்பளத்தை வெயிலில் போட்டு எடுப்பதற்குக் காசே தேவையில்லை. இவையெல்லாம் ஒழுங்காக நடந்து கையில் இன்னும் பணம் மிஞ்சினால், பலரும் தொடும் கதவுப் பிடிக்கு ஒரு நல்ல செம்புக் கலப்புலோகப் பிடியைப் பொருத்தலாம். வார்னிஷ் அடிக்காத பித்தளைப் பிடி நம் ஊர்க் கடையிலேயே கிடைக்கும். அதையும் தினமும் துடைக்க ஓர் ஆள் வேண்டும்.